பதினோரு நாளில் அள்ளிய சிப்பிமேடு

சென்ற வாரம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஓர் இளம் செக்‌ஷன் ஆபீசர் என்னைத் தேடிக் குளத்தூருக்கு வந்தார். கையில் ஒரு சுற்றறிக்கை. கடலோர ஊர்களில் கழிவாகக் கிடக்கும் சிப்பி ஓடுகளைச் சுண்ணாம்பாக்கி, சிமெண்டுக்குப் பதிலாகக் கட்டட வேலைக்குப் பயன்படுத்துவது பற்றி அனுபவஸ்தர்களிடம் குறிப்பு வாங்கும்படி மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம். “இதைச் செஞ்சு பாத்தவர் நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க சார். ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்” என்றார். ரிட்டையர் ஆன பிறகு என் அனுபவத்தைக் கேட்டு வந்த முதல் ஆள் அவர். வீட்டில் யாரும் கேட்பதில்லை. நானாகச் சொன்னாலும் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். உச்சி குளிர்ந்துபோய் ஒப்புக்கொண்டேன். அவர் காபி குடித்துவிட்டுப் போன பிறகுதான், நடந்ததை நடந்தபடி எழுதினால் அதற்குக் குறிப்பு என்று பெயர் வைக்க முடியாது, வாக்குமூலம் என்றுதான் வைக்க வேண்டும் என்று உறைத்தது. ஒப்புக்கொண்டாகிவிட்டது. ரெண்டு பக்கத்தில் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பழகியது புதுக்கோட்டை சமஸ்தானத்து மராமத்து இலாகாவில். முதல் இரண்டு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தேன். அடுத்த இரண்டு வருஷம் சங்கிலி பிடிப்பவனை அதட்டினேன். அதற்குள் ஓவர்சியர் ஆகிவிட்டேன். கண்மாய்க்கரை, மதகு, கலிங்கு, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது மேஜை நாற்காலிகளோடு எங்களையும் சேர்த்து சென்னை மாகாண சர்க்கார் எடுத்துக்கொண்டது. சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. நாற்பது வயதை நெருங்கியும் கடலைக் கண்ணால் பார்த்திராத என்னைத்தான் இரண்டு வருஷம் கழித்துக் கட்டுமாவடிப் பக்கம் மாற்றினார்கள். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. “அங்கிட்டுத் தண்ணி வசதியெல்லாம் எப்படிங்க?” என்று கேட்டாள் என் மனைவி. “தண்ணிக்கு என்ன, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தண்ணிதான்” என்றேன். போய்ச் சேர்ந்து முதல் செம்புத் தண்ணீரை வாயில் வைத்ததும் அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது.

அங்கே எனக்குக் கொடுத்த வேலை, கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிரசவ விடுதி கட்டுவது. குப்பத்தின் பெயர் வேண்டாம். அங்கே உள்ளவர்கள் இன்னும் என் முகத்தில் விழிக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. இரண்டு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், நாட்டு ஓட்டுக் கூரை, அவ்வளவுதான் கட்டடம். பிரசவம் சிக்கலானால் அந்த ஊர்ப் பெண்களை மாட்டு வண்டியில் ஏற்றி அறந்தாங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற வழியிலேயே காரியம் கைமீறிப் போவது உண்டு. ஆகவே விடுதி அவசரம். ஆனால் சிமெண்ட் அப்போது பெர்மிட்டில்தான். விண்ணப்பம் போனது, நினைவூட்டு போனது, நினைவூட்டுக்கு நினைவூட்டு போனது. சிமெண்ட் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் அந்த மேடு என் கண்ணில் பட்டது. குப்பத்தின் கீழ்க்கோடியில் தாழ்வான இடத்தில் எட்டு வீடுகள். அவற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குச் சிப்பி ஓடு குவிந்து கிடந்தது. எழுபது எண்பது அடி நீளம் இருக்கும். குப்பத்துப் பெண்கள் விடியுமுன்னே வற்றின கடலில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள். கொண்டுவந்து அவித்துச் சதையை எடுத்துக் காயவைப்பார்கள். வெறும் ஓடுகளைக் கூடையில் அள்ளி அந்த மேட்டில் கொட்டுவார்கள். சாம்பல் நிறத்தில், மேலே அடம்பங்கொடி படர்ந்து கிடந்தது அது. எனக்கோ அது கொழுத்த சுண்ணாம்பாகத் தெரிந்தது. ‘கழிவு. அப்புறப்படுத்தினால் ஊரும் சுத்தமாகும்’ என்று என் யோசனையில் எழுதினேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்த மகிழ்ச்சியில் அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

யோசனையை அசிஸ்டெண்ட் இன்ஜினீயர் சபாபதியிடம் கொண்டுபோனேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைக்கிளில் வருவார், பின்னால் குடை கட்டியிருக்கும். யாரையும் சத்தம் போட்டதில்லை. எந்த வேலைக்குப் போனாலும் மூன்றே கேள்விதான் கேட்பார். எங்கிருந்து எடுக்கிறாய், எத்தனை நாள் ஆகும், யாரைக் கேட்டாய். பதில் சரியாக இருந்தால் வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார். சரியில்லை என்றால் திறக்க மாட்டார். அவர் கை செல்லத்தின் மேல் இருக்கும்வரை என் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். பாராட்டுக்கும் தண்டனைக்கும் அவரிடம் வேறு வழி கிடையாது.

“யாரைக் கேட்டீங்க ஓவர்சியர்?”

“ஊர்த் தலைவரைக் கேட்டுட்டேன் சார்.”

செல்லம் திறந்தது. நான் பொய் சொல்லவில்லை. தலைவரை நிஜமாகவே கேட்டிருந்தேன். அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை. “சிப்பியா? அது பொம்பளைக சமாச்சாரம்ங்க. ஆசுபத்திரியும் பொம்பளைகளுக்குத்தான? எடுத்துக்கங்க” என்றார். கணக்கு நேராகிவிட்டது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியது.

எட்டு வண்டி வைத்துப் பதினோரு நாளில் மேட்டை வழித்து எடுத்தேன். மூன்றாம் நாள் காளியம்மா வந்தாள். மேட்டை ஒட்டிய முதல் வீடு அவளுடையது. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் சிப்பிக் கூடை. வண்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், இத எங்கிட்டுக் கொண்டு போறீங்க?”

“ஆஸ்பத்திரி கட்டம்மா. ஒங்களுக்குத்தான்.”

“சரிங்க. திருப்பி எப்பக் கொண்டாந்து போடுவீங்க?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குப்பையைத் திருப்பிக் கேட்கும் ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. “சர்க்கார் எடுத்தா எடுத்ததுதான்” என்றேன். அவள் கூடையில் இருந்ததை மேட்டில் தாழ்ந்திருந்த ஓர் இடமாகப் பார்த்துக் கொட்டிவிட்டுப் போனாள். அடுத்த வண்டியில் அதையும் அள்ளிப் போட்டோம். “திருப்பி எப்பக் கொண்டாந்து போடுவீங்க” என்ற கதையை ஆபீசில் மூன்று மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நன்றாகத்தான் நடித்துக் காட்டுவேன்.

செய்முறையைக் கேட்டிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மார்பளவு உயரத்தில் வட்டமாக மண்சூளை கட்டி, அடியில் காற்றுக்கு நான்கு கண் விட்டு, ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு சிப்பி என்று நிரப்பித் தீ வைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க எரிந்து தணிந்த பிறகும் சிப்பி சிப்பியாகவே இருக்கும். கையில் எடுத்தால் மட்டும் கனம் இருக்காது. தண்ணீர் தெளித்தால் சீறி, வெடித்து, வெள்ளை மாவாக உதிரும். அதைச் சலித்து, ஆற்று மணல் சேர்த்து, காளை இழுக்கும் சாந்துச் செக்கில் போட்டு, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு அரைக்க வேண்டும். காளைக்குக் கருப்பட்டி வாசனை பிடித்துவிட்டால் செக்கைச் சுற்றாது, நின்று நக்கப் பார்க்கும். என் செக்கில் ஒரு பகல் முழுக்க அதுதான் நடந்தது.

சுண்ணாம்பில் உப்பு தங்கியிருந்தால் சுவரில் பூத்துவிடும். சபாபதி அதைப் பார்க்கும் விதமே தனி. கடுகளவு சுண்ணாம்பை வெற்றிலையில் தடவி, மென்று, கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பிவிட்டு, “மழை அலசின பழைய சிப்பி. நல்ல சரக்கு” என்றார். மறுநாள் அவர் இல்லாதபோது, கொத்தனார்கள் பார்க்கும்படி நானும் அதே பரீட்சையைச் செய்து காட்டினேன். கண்ணை அவரைப் போலவே மூடினேன். அளவில்தான் தவறிவிட்டது, நான் எடுத்தது நெல்லிக்காய் அளவு. வாய் வெந்து மூன்று நாள் கையால்தான் உத்தரவு போட்டேன். என் மனைவி அந்த மூன்று நாளை இன்றைக்கும் பிரியமாக நினைத்துக்கொள்கிறாள்.

அஸ்திவாரத்திலும் ஒரு கூத்து நடந்தது. நான் எங்கள் பக்கத்து ஓடைக்கல் சுண்ணாம்பில் பழகியவன். அது ஈரத்திலும் இறுகும். சிப்பிச் சுண்ணாம்பு பால் போல வெளுப்பு; ஆனால் காற்றுப் படாத ஈர இடத்தில் அப்படியே கிடக்கும். பதினைந்து நாள் கழித்து வந்த சபாபதி குடை முனையை அஸ்திவாரத்தில் ஊன்றினார். குடை பாதி உள்ளே போயிற்று. குடையை உருவித் துடைத்தார், செல்லத்தைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, செங்கலை இடித்த தூளாகிய சுர்க்கியைச் சரிபாதி கலந்து மறுபடியும் போட்டேன். அது கல்லாக இறுகியது. கடற்கரையில் சிப்பிச் சுண்ணாம்பு போடுகிறவர்கள் இதை மட்டுமாவது என் பெயரைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெயரைச் சொல்லாமலும் வைத்துக்கொள்ளலாம்.

புரட்டாசி முடிவில் விடுதி எழுந்து நின்றது. ஒரு மூட்டை சிமெண்ட் இல்லை. சுவர் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது; போகிற வருகிறவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். நானும் யாரும் இல்லாதபோது தடவிப் பார்த்தேன். திறந்து வைக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. அதுவரை யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று உத்தரவு. சாவியை உறையில் போட்டு அரக்கு வைத்து என்னிடம் கொடுத்தார்கள். அதிகாரி வரும் தேதி தள்ளிப்போயிற்று, மறுபடியும் தள்ளிப்போயிற்று. வாசலில் கட்டிய குருத்தோலைத் தோரணம் காயக் காய நான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் வாடைக்காற்று பிடித்தது. நான்கு நாள் விடாமல் அடித்துக் கடலைக் கரைமேல் தள்ளியது. ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். விடுதி வாசலில் நின்று, மூன்றாவது தோரணம் கோணலாக இருக்கிறது என்று ஓர் ஆளைக் கடிந்துகொண்டிருந்தேன். கீழ்க்கோடியிலிருந்து ஜனங்கள் வருவது தெரிந்தது. தலையில் சட்டி பானை, தோளில் பிள்ளைகள், முழங்காலுக்கு மேல் நனைந்த துணி. எட்டு வீட்டிலும் கடல் புகுந்துவிட்டது. முன்னால் நான்கு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். அதில் காளியம்மாவின் மருமகள் பாக்கியம் இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஊர் மருத்துவச்சி கட்டிலைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

“சார், கதவத் தொறங்க” என்றாள் காளியம்மா.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். “திறப்பு விழா ஆகலையேம்மா. மேல கேக்காமத் தொறக்க முடியாது” என்றேன்.

அவள் கத்தவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

“இது எங்க மேட்டுச் சிப்பிதான சார்?”

“ஆமா.”

“எங்க வீட்டுக்குக் காவலாக் கெடந்தத அள்ளிக்கிட்டு வந்து இங்கிட்டு நிறுத்தி வச்சிருக்கீங்க. அது பின்னால வந்து நிக்கத்தான வந்திருக்கோம்? இதுக்குப் பூட்டு எதுக்குங்க?”

கண்மாய்க்கரை பார்த்தே காலம் தள்ளியவன் நான். கரை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆள் உயரத்தில், கடலுக்குக் குறுக்கே, எட்டு வீட்டின் நீளத்துக்குச் சரியாக ஒரு கரை கிடந்திருக்கிறது. அது மண்ணாக இல்லாமல் சிப்பியாக இருந்ததால் நான் அதைக் கழிவு என்று எழுதிவிட்டேன். சாவி உறையை எடுத்தேன். அந்த நேரத்திலும் அரக்கு உடையாமல் உறையைப் பிரிக்க வழி உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாக்கியம் ஓர் அலறல் போட்டாள். உறை எப்படிக் கிழிந்தது என்று எனக்குத் தெரியாது.

உச்சிப்பொழுதுக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று மருத்துவச்சி வெளியே வந்து சொன்னபோது, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரப் படியில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். காற்றில் கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து சபாபதி சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். விடுதிக்குள் எட்டுக் குடும்பம் இருந்தது. கீழ்க்கோடிக்குப் போய், மேடு இருந்த இடத்தில் நின்று பார்த்தார். அலை செருப்பை நனைத்தது.

“யாரைக் கேட்டீங்கன்னு சொன்னீங்க?”

“தலைவரை, சார்.”

“அவரு சிப்பி பொறுக்குவாரா?”

அவர் செல்லத்தைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார். “நீங்க சொன்னீங்க. நானும் அதோட விட்டுட்டேன்” என்றார். பிறகு காகிதம் வாங்கி, தம் வாய்மொழி உத்தரவின் பேரில்தான் கதவு திறக்கப்பட்டது என்று கைப்பட எழுதி என்னிடம் கொடுத்தார். அவர் அப்படி எந்த உத்தரவும் போடவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் வேலை அந்தக் காகிதத்தால்தான் பிழைத்தது.

தை மாதம் பெரிய அதிகாரி வந்தார். வீணாகக் கிடந்த குப்பையைக் கட்டடமாக்கிய ஓவர்சியர் என்று மேடையில் பாராட்டி எனக்கு மாலை போட்டார். அது குப்பை இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. காளியம்மா கூட்டத்தில் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டேன். மாலை கனமாக, நல்ல வாசனையாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மேடு இருந்த இடத்தில் கடலைத் தடுக்கப் பனந்துண்டுகளை நட்டோம், கருங்கல் கொட்டினோம். மணல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. மூன்று குடும்பம் மேற்கே குடிபெயர்ந்துவிட்டது. பெண்கள் மட்டும் பழைய இடத்திலேயே மறுபடியும் கூடை கொட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவர்கள் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. மேட்டின் மேல் ஏறி நின்று, எந்த இடம் தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் கொட்ட வேண்டும். ஊருக்குப் புதிதாக வரும் மருமகளுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதானாம். மட்டம் பார்க்க எனக்கு சர்க்கார் ஒரு கருவி கொடுத்திருந்தது. அவர்களுக்குக் கண்ணே போதுமாக இருந்தது.

அங்கே இன்னும் நான்கு வருஷம் இருந்தேன். மாற்றல் உத்தரவு வந்ததும், போவதற்குள் செய்ததைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம் பிடித்தது. காளியம்மாவிடம் போய், “வடக்க அடுத்த குப்பத்துலயும் இதே மாதிரி சிப்பி மேடு கெடக்கு. எட்டு வண்டி வச்சா பத்து நாள்ல கொண்டாந்து இங்க போட்டுடலாம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பிள்ளைகள் அடுப்புக்குப் பக்கத்தில் போனால் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. “அது அந்த ஊருக்குக் காவலுங்க சார்” என்றாள்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதே தப்பை, அதே எட்டு வண்டியோடு, இந்தத் தடவை உதவி என்று நினைத்துக்கொண்டு செய்யப் பார்த்திருக்கிறேன். மேட்டைப் பார்த்தேன். நான்கு வருஷத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரைதான் வளர்ந்திருந்தது.

“அப்ப இது பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்மா?” என்று கேட்டேன். அத்தனை வருஷ சர்வீஸில் வேறு என்ன கேட்கப் பழகியிருக்கிறேன்?

காளியம்மா மேட்டில் ஏறினாள். தாழ்ந்திருந்த இடம் பார்த்துக் கூடையைக் கவிழ்த்து, அடியை இரண்டு தட்டுத் தட்டினாள். கீழே அவள் பேத்தி ஒரு கை நிறையச் சிப்பி வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தது.

“இந்தப் புள்ள பேத்தி எடுக்கையில ஆயிரும் சார்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மனம் இரங்கியவளாக, “கோவிச்சுக்கிறாதீங்க. ஒங்கள மாதிரி வெரசாக் கட்ட எங்களுக்குத் தெரியாதுங்க” என்றாள்.